சோழர் நிலக்கணக்கில் ஒரு பேரெண்

எண் என்றவுடன் நம்மிற் பலர்க்கு வகுப்பறையும் கரும்பலகையுமே நினைவிற்கு வருகின்றன. ஆயினும் எண் பிறந்து வளர்ந்த இடம் அதுவன்று. வயலிலும் நெற்களத்திலும் கடைத்தெருவிலுமே அது முதலில் நடை பயின்றது. காவிரியும் அதன் கிளைகளும் பாயும் தஞ்சை நாட்டில், நிலத்தைக் கோலாலும் நெல்லை மரக்காலாலும் அளந்து வாழ்ந்த மக்கள், அத்தொழிலின் தேவை பற்றியே மிக நுண்ணிய பின்னங்களைக் கையாண்டனர். அத்தகைய பின்னம் ஒன்றன் கீழே நிற்கும் பேரெண் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் இயல்புகளை ஆராய்ந்து, அதனால் நாம் அறியத்தக்கது யாது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கூட்டவும் பெருக்கவும் வகுக்கவும் அறிந்த எவரும் எழுதுகோலுங் கையுமாக அமர்ந்து இதனைப் பின்பற்றலாம்.

எண்ணின் வரலாறு

முதலாம் இராசராச சோழன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயில் 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அதன் கல்வெட்டுகளில் பொன், மணி, திருமேனிகள் ஆகியவற்றின் கணக்கோடு, கோயிலுக்கு விடப்பெற்ற ஊர்களின் நிலக்கணக்கும் உண்டு. ஓர் ஊரின் மொத்த நிலம் இவ்வளவு; அதில் ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு என இறை நீங்கிய நிலம் இவ்வளவு; அவை போக இறை செலுத்தும் நிலம் இவ்வளவு; அதற்கு ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்க வேண்டிய நெல் இவ்வளவு என்று ஊர் ஊராக அக்கணக்குச் செல்கின்றது. கோயில் நிறைவெய்துவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1001-ஆம் ஆண்டளவில், சோழநாட்டில் நடைபெற்ற நில அளவையே இக்கணக்கிற்கு அடிப்படை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹூல்ச் என்னும் ஜெர்மானிய அறிஞர் இக்கல்வெட்டுகளைப் படித்து, ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ என்னும் வரிசையின் வாயிலாக உலகறியச் செய்தார்.

இந்நிலக்கணக்கை ஆராய்ந்த வரலாற்றறிஞர்கள், ஒரு வேலி நிலத்தில் 52,42,88,00,000-இல் ஒரு பங்கு வரையில் நிலம் கணக்கிடப்பெற்று இறை விதிக்கப்பெற்றது என்று எடுத்துக்காட்டுவர். ஐயாயிரத்து இருநூற்று நாற்பத்திரண்டு கோடியே எண்பத்தெட்டு லட்சம் என்னும் இவ்வெண்ணே நாம் ஆராயப் புகுந்த பேரெண்.

இதனைக் கேட்டோர் இருவகைப்படுவர். ஒரு சாரார், நம் முன்னோரின் அளவைத் திறன் இத்துணை நுட்பமுடையதோ என்று வியந்து பாராட்டுவர். மற்றொரு சாரார், இது நடவாத காரியம், வெறும் ஆடம்பரம் என்று தள்ளுவர். இரு சாராரும் எண்ணைக் கேட்டனரேயன்றி அதனை உடைத்துப் பார்த்தாரல்லர். உடைத்துப் பார்ப்பின், அவ்வெண்ணே தன் பிறப்பை நமக்குக் கூறும்.

எண்ணை உடைத்தல்

இவ்வெண்ணின் இறுதியில் ஐந்து சுழியங்கள் நிற்கின்றன. அவற்றைத் தனியே பிரித்தால், இது 5,24,288 என்பதனை ஒரு லட்சத்தாற் பெருக்கிய தொகை என்பது விளங்கும். இனி 5,24,288-ஐப் பாதியாக்குவோம். 2,62,144 வரும். மீண்டும் பாதியாக்க 1,31,072, மீண்டும் 65,536. இவ்வாறு பாதியாக்கிக்கொண்டே சென்றால், இடையில் ஒற்றையெண் ஒன்றும் குறுக்கிடாமல், பத்தொன்பதாம் முறை 1 என்பதில் வந்து நிற்போம். ஆகவே இப்பேரெண்ணைப் பெற விரும்புவார், ஒரு லட்சத்தை எடுத்துக்கொண்டு அதனைப் பத்தொன்பது முறை இரட்டித்தாற் போதும்.

ஒரு லட்சமோ பத்தை ஐந்து முறை பெருக்கிய தொகை. பத்து என்பது இரண்டும் ஐந்தும் சேர்ந்தது. எனவே ஒரு லட்சத்துள் ஐந்து இரண்டுகளும் ஐந்து ஐந்துகளும் உள்ளன. முன்னைய பத்தொன்பது இரண்டுகளோடு இவற்றைக் கூட்டினால், இப்பேரெண் இருபத்துநான்கு இரண்டுகளும் ஐந்து ஐந்துகளும் பெருகி வந்தது என்னும் முடிவு பெறப்படும். மூன்றோ ஏழோ பதினொன்றோ, வேறெந்தப் பகா எண்ணோ இதனுள் மருந்துக்கும் இல்லை. இதுவே இவ்வெண்ணின் தலையாய இயல்பு. பிற இயல்புகளெல்லாம் இவ்வொன்றினின்றே கிளைக்கின்றன. அவற்றுள் மூன்றைக் காண்போம்.

முதலாவது, இதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் எத்தனை? அத்தகைய எண் ஒவ்வொன்றும் இரண்டுகளையும் ஐந்துகளையுமே கொண்டிருத்தல் வேண்டும். இரண்டுகளை ஒன்றுமின்றியோ இருபத்துநான்கு வரையிலோ எடுக்கலாம்; அது 25 வகை. ஐந்துகளை ஒன்றுமின்றியோ ஐந்து வரையிலோ எடுக்கலாம். அது 6 வகை. ஆகவே வகுக்கும் எண்கள் 25-ஐ 6-ஆற் பெருக்கி வரும் 150.

இரண்டாவது, இதன் கீழ்ப் பின்னமாகிய ஒரு பங்கைத் தசம முறையில் எழுதினால் அது முடிவு பெறுமா? பெறும். பத்தின் கூறுகளாகிய இரண்டும் ஐந்துமே இதன் கூறுகளாதலின், இருபத்துநான்காம் தசம இடத்தில் மீதியின்றி முடியும். புள்ளிக்குப் பின் பத்துச் சுழியங்களும், அவற்றை அடுத்து 19073486328125 என்னும் பதினான்கு இலக்கங்களும் வரும். அப்பதினான்கு இலக்கங்களாவன ஐந்தைப் பத்தொன்பது முறை பெருக்கிய தொகை. மேலே இரண்டு பத்தொன்பது முறை வந்ததனையும், ஈண்டு ஐந்து அதே பத்தொன்பது முறை வருவதனையும் மாணவர் ஒப்புநோக்குக.

மூன்றாவது, இப்பேரெண் வர்க்க எண்ணோ கன எண்ணோ அன்று. ஆயினும் இதனை ஐந்தாற் பெருக்கி 2,62,14,40,00,000 ஆக்கினால், அத்தொகை 5,12,000-இன் வர்க்கமாகும், 6,400-இன் கனமுமாகும், 80-இன் ஆறாம் அடுக்குமாகும். இந்த எண்பது என்பது தற்செயலாய் வந்ததன்று. அதனை அறியத் தமிழரது பின்ன முறையை நாம் நோக்குதல் வேண்டும்.

‘கீழ்’ என்னும் படி

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி கொண்டு பயிற்றப்பெற்ற பின்னங்களின் அடித்தளம் முந்திரி. அது முந்நூற்றிருபதில் ஒன்று. முந்திரி இரண்டு கொண்டது அரைக்காணி; நான்கு கொண்டது காணி; எட்டு கொண்டது அரைமா; பன்னிரண்டு கொண்டது முக்காணி; பதினாறு கொண்டது ஒருமா; இருபது கொண்டது மாகாணி; நாற்பது கொண்டது அரைக்கால்; அறுபத்துநான்கு கொண்டது நாலுமா; எண்பது கொண்டது கால். காணி என்பது எண்பதில் ஒன்று. ஆகவே நம் பேரெண்ணின் ஒரு பங்கு, காணியைக் காணியாற் பெருக்கி, இவ்வாறு ஆறு காணிகளைப் பெருக்கி வரும் பின்னத்தின் ஐந்து மடங்காகும். மேலே 80 வந்த வழி இதுவே.

முந்திரிக்குங் குறைந்த அளவுகளைச் சொல்லச் சோழர் காலத்துக் கணக்கர் புதிய பெயர்களைத் தேடி அலைந்தாரல்லர். ‘கீழ்’ என்னும் ஒரு சொல்லே அவர்க்குப் போதியதாயிற்று. கீழ் என்று சொன்ன அளவில், அதன் பின் வரும் பின்னங்களெல்லாம் முந்நூற்றிருபதில் ஒன்றாகச் சுருங்கும். கீழ்முந்திரி என்பது 320-ஐ 320-ஆற் பெருக்கிய 1,02,400-இல் ஒன்று. மீண்டும் கீழ் என்றால் மீண்டும் 320-இல் ஒன்றாகும். கிணற்றுப் படிகளில் ஒவ்வொன்றாய் இறங்குவது போல இம்முறையில் எத்துணை ஆழமும் இறங்கலாம். பெயர்கள் மட்டும் முன்னைய கால், அரை, மா, காணி, முந்திரி என்பனவே. பாபிலோனியர் அறுபதை அடியாகக் கொண்டு மேன்மேலும் பகுத்துச் சென்றனர். நாம் இன்று பத்தை அடியாகக் கொண்டு தசமம் எழுதுகின்றோம். சோழநாட்டுக் கணக்கர் முந்நூற்றிருபதை அடியாகக் கொண்டனர். மூன்றும் ஓரினத்தனவே.

இனி நம் எண்ணிற்கு வருவோம். 320-ஐ நான்கு முறை பெருக்கினால் 10,48,57,60,000 வரும். அதனை ஐந்தாற் பெருக்கினால் 52,42,88,00,000. ஐந்தில் ஒன்றுக்கு நாலுமா என்பது பெயர். ஆகவே நான்கு முறை ‘கீழ்’ என்று இறங்கி நாலுமா என்று சொன்னால், இந்தப் பேரெண்ணின் ஒரு பங்கைச் சொல்லியவராவோம். தசமத்தில் இருபத்துநான்கு இடங்களைப் பிடித்துக்கொள்ளும் பின்னம், இம்முறையில் நான்கு படிகளிலும் ஒரு பெயரிலும் அடங்கிவிடுகின்றது.

கோல் எட்டாத நுட்பம்

இந்நுண்பங்கு நிலத்தில் எவ்வளவு இடம்? வேலியின் அளவு காலந்தோறும் இடந்தோறும் வேறுபட்டது. சோழர் கல்வெட்டுகள் சிலவற்றிற் காணும் வழக்கு ஒன்றைக் கொள்வோம். பதினாறு சாண் கோலால் அளந்த ஒரு சதுரக் கோல் ஒரு குழி. 256 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. இவ்வழக்கின்படி ஒரு வேலியில் 13,10,720 சதுரச் சாண்கள் உள்ளன. நம் பேரெண்ணை இதனால் வகுத்தால் மீதியின்றி 40,000 வரும். ஆகவே நுண்பங்கு என்பது ஒரு சதுரச் சாணில் நாற்பதாயிரத்தில் ஒன்று. அதாவது, பக்கம் ஒவ்வொன்றும் சாணில் இருநூற்றில் ஒரு பங்காகிய ஒரு சிறு சதுரம். சாண் ஒன்றை ஒன்பது அங்குலமாகக் கொண்டால், அச்சதுரத்தின் பக்கம் ஒரு மில்லிமீட்டருக்குச் சிறிதே மிகும். அது ஒரு நெல்லின் தடிப்பிற்கும் குறைவு. இன்று தஞ்சைப் பகுதியில் வழங்கும் வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கரே, அதனைக் கொண்டு கணக்கிட்டால் இச்சதுரம் இன்னுஞ் சிறுக்கும்.

சேற்று வயலில், வரப்பு ஆண்டுதோறும் ஒரு சாணேனும் நகரும் நாட்டில், இவ்விடத்தைக் கோல் வைத்து அளந்தவர் எவரும் இருந்திருக்க இயலாது. அங்ஙனமாயின் வியந்தோர் வியந்தது வீண் என்பது பெறப்படும். தள்ளினோர் கூற்று மெய்யாகுமோ எனின், அதுவும் ஆகாது. ஒரு சிறு வயலை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு வயலின் வடபுறம் 324 சாண், தென்புறம் 306 சாண், கீழ்ப்புறம் 136 சாண், மேற்புறம் 129 சாண் என்க. அளப்பவர் சாணுக்குக் குறைந்த எதனையும் அளக்கவில்லை என்பதனைக் கருத்திற் கொள்க. எதிர்ப்பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டையும் பெருக்குவது பண்டைக் கணக்கிற் பயின்ற தோராய முறை. வட தென் பக்கங்களின் சராசரி 315. கீழ் மேல் பக்கங்களின் சராசரி 132½. பெருக்க வருவது 41,737½ சதுரச் சாண். இதனை வேலியாக்க 13,10,720-ஆல் வகுத்தல் வேண்டும். வகுத்துச் சுருக்கினால், 5,24,288-இல் 16,695 பங்கு என்று விடை வரும்.

5,24,288 என்பதனை முன்னரே கண்டோம். நம் பேரெண்ணின் இறுதிச் சுழியங்கள் ஐந்தையும் நீக்கியபின் எஞ்சிய எண் அதுவே. முழுச் சாணுக்குக் கீழே எதனையும் அளவாத ஒருவர், ஒரே ஒரு வயலைக் கணக்கிட்ட அளவில் அதனை அடைந்துவிட்டார். இத்தகைய வயல்கள் பலவற்றைக் கூட்டி, நிலத்தின் தரம் நோக்கி ஐந்தில் ஒன்று, பத்தில் ஒன்று என்று குறைத்தோ மிகுத்தோ கணக்கிடுங்கால், எஞ்சிய ஐந்து சுழியங்களும் தாமே வந்து சேருதல் அரிதன்று. பத்தில் ஒன்றாகிய இருமா ஐந்து முறை பெருகினால் ஒரு லட்சத்தில் ஒன்றாகிவிடுமன்றோ? ஆகவே இந்நுட்பம் கோலினின்று பிறந்ததன்று, பெருக்கலினின்று பிறந்தது. அளவு தோராயமானது, அளவின் மேல் எழுந்த கணக்கோ ஓரணுவும் விடாதது.

விடாமைக்குக் காரணம்

அவ்வளவு சிறிய பங்கை விட்டுவிட்டால் யாருக்கு என்ன நட்டம் என்று வினவலாம். நெல்லைக் கொண்டு இதற்கு விடை காண்போம். கணக்கிற்காக வேலிக்கு இறை நூறு கலம் என்று கொள்க. பழைய வாய்பாட்டின்படி நெல் 360 கொண்டது ஒரு செவிடு. செவிடு ஐந்து ஓர் ஆழாக்கு. ஆழாக்கு எட்டு ஒரு நாழி. நாழி எட்டு ஒரு குறுணியாகிய மரக்கால். மரக்கால் பன்னிரண்டு ஒரு கலம். இவ்வாறு பெருக்க, நூறு கலத்தில் 13,82,40,000 நெல்மணிகள் அடங்கும். நம் நுண்பங்கிற்கு உரிய இறை, ஒரு நெல்லில் ஏறத்தாழ 379-இல் ஒரு பங்கு. எந்த அரசனும் இதனைத் தண்டியிருக்க முடியாது. எந்த உழவனும் இதனால் வாடியிருக்கவும் முடியாது.

ஆயினும் அதனை விட்டுவிடாமைக்குத் தக்க காரணம் உண்டு. மொத்த நிலத்தில் இறை நீங்கிய நிலத்தைக் கழித்தால் இறை செலுத்தும் நிலம் வருதல் வேண்டும். கழிக்கப்படும் ஒவ்வொரு துண்டையும் கணக்கர் தம் விருப்பப்படி சிறிது குறைத்தோ கூட்டியோ எழுதினால், இறுதியிற் கூட்டுத்தொகை ஒவ்வாது. ஒவ்வாத தொகை அற்பமாயினும், அது எழுத்துப் பிழையா, கணக்குப் பிழையா, எவரேனும் செய்த கரவா என்று தெளிய வழியில்லாமற் போகும். எதனையும் விடாது எழுதிய கணக்கிலோ, தொகை சிறிது ஒவ்வாவிடினும் பிழை உண்டு என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். அக்கணக்கைக் கல்லில் வெட்டிப் பலர் காண நிறுத்தியமையால், கூட்டல் கழித்தல் அறிந்த எவரும் பின்னொரு காலத்திலும் அதனைச் சரிபார்க்கலாம். ஆகவே இந்நுண்பங்கு கண்ணின் கூர்மையைக் காட்டுவதன்று. கணக்கின் நேர்மையைக் காப்பது.

இவ்வாறு எதனையும் விடாது எழுதுதற்கு எண்ணின் இயல்பும் துணை செய்தல் வேண்டும். இரண்டும் ஐந்துமே கூறுகளாகவுடைய எண்களைக் கீழே கொண்ட பின்னங்களை ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அக்குடும்பத்துப் பின்னங்கள் இரண்டைக் கூட்டினாலும் கழித்தாலும் பெருக்கினாலும், வரும் விடை அக்குடும்பத்தைவிட்டு வெளியே செல்வதில்லை. பாதியாக்குதல், காலாக்குதல், ஐந்தாகவும் பத்தாகவும் பகுத்தல் ஆகியவையும் அத்தகையனவே. நில அளவையில் வேண்டப்படும் தொழில்கள் இவையே. கோலிற்குப் பதினாறு சாணும், மாவிற்கு 256 குழியும், வேலிக்கு இருபது மாவும், பின்னத்திற்கு முந்நூற்றிருபதும் ஒரு குடும்பத்தவையாய் அமைந்தமையால், எத்தனை வயல்களைப் பெருக்கிக் கூட்டினாலும் கணக்கு எங்கேனும் ஓரிடத்தில் மீதியின்றி முடிந்தே தீரும். அது முடியும் இடம் ஆழமாகலாம், முடியாமற் போவதில்லை. 52,42,88,00,000 என்பது அவ்வாறு கணக்கு முடிந்த ஓரிடமேயாகும்.

மூன்றினால் வரும் இடையூறு

இக்குடும்பத்திற்கு அயலானது மூன்று. ஒரு வேலி நிலத்தை உடன்பிறந்தார் மூவர் பகிர்ந்துகொள்ளப் புகுந்தால் என்ன நேரும் என்று பார்ப்போம். 320-ஐ மூன்றாற் பகுத்தால் 106 முந்திரி வரும். இரண்டு முந்திரி மிஞ்சும். 106 முந்திரி என்பது கால், மாகாணி, காணி, அரைக்காணி ஆகிய நான்கும் சேர்ந்தது. மிஞ்சிய இரண்டைக் ‘கீழ்’ இறக்கினால் 640 ஆகும். அதனை மூன்றாற் பகுத்தால் 213 வரும், ஒன்று மிஞ்சும். அவ்வொன்றைக் கீழ் இறக்க மறுபடியும் 320, மறுபடியும் 106. இவ்வாறு 106, 213, 106, 213 என்று ஓயாது சுழலுமேயன்றி முடிவு பெறாது. தசமத்தில் மூன்றில் ஒன்று 0.333 என்று முடிவின்றிச் செல்வதும் இதுபோன்றதே. அறுபதின் கூறுகளுள் மூன்றும் உண்டு. ஆதலின் பாபிலோனியரின் அறுபதிலோ மூன்றில் ஒன்று இருபது என்று உடனே முடிந்துவிடும்.

இவ்விடையூற்றை நீக்கவே போலும், தமிழ்க் கணக்கு வாய்பாடுகளில் கீழ்முந்திரிக்கு அடுத்தபடியாக இம்மி என்னும் ஓரளவு வைக்கப்பெற்றுள்ளது. பத்தரை இம்மி கொண்டது ஒரு கீழ்முந்திரி. ஆகவே இம்மி என்பது 10,75,200-இல் ஒன்று. பத்தரை என்னும் இவ்விந்தையான எண் எதற்காக? பத்தரையை இரட்டித்தால் இருபத்தொன்று. இருபத்தொன்று மூன்றும் ஏழும் பெருகியது. மூவர் பகிருங்கால், ஒருவர்க்கு 34,133 கீழ்முந்திரி வந்து, மூன்றில் ஒரு கீழ்முந்திரி மிஞ்சும். அது சரியாக மூன்றரை இம்மி. எழுவர் பகிருங்கால், ஒருவர்க்கு 14,628 கீழ்முந்திரியும், அதன்மேல் சரியாக ஆறு இம்மியும் வரும். ‘இம்மியும் பிசகாமல்’ என்று நாம் அன்றாடம் வழங்கும் தொடருக்கு இக்கணக்கிலே மெய்யான பொருள் இருத்தல் காண்க. இம்மி இல்லையேல் மூவர் பங்கு என்றும் பிசகியே நிற்கும்.

வாய்பாடுகள் இம்மியோடு நின்றுவிடவில்லை. மும்மி, அணு, குணம், பந்தம், பாகம், விந்தம் என்று மேன்மேலும் நுணுகிச் செல்கின்றன. அவற்றுள் பாகம் என்பது 44,70,68,16,000-இல் ஒன்று. நம் பேரெண்ணின் பங்கைவிட அது சற்றே பெரிது. அடுத்த விந்தமோ அதனினும் மிகச் சிறிது. ஆனால் பாகத்தின் எண்ணை உடைத்துப் பார்த்தால் மூன்றும் ஏழும் பதினொன்றும் அதனுள் இருத்தல் தெரியும். ஏறத்தாழ ஒரே பருமனுடைய இவ்விரு எண்களுள் ஒன்று பலவகைப் பங்கீட்டிற்கு இடந்தருவது. மற்றொன்று நில அளவையின் வழியே இறங்கி வந்தது. எண்ணின் கூறுகளைக் கண்டு அதன் தொழிலை உணரலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இராமானுசர் கண்ட எண்கள்

எண்களின் கூறுகளைப் பற்றிப் பேசுங்கால், இந்நாட்டிற்கே உரிய சீனிவாச இராமானுசரை நினையாமல் இருத்தல் இயலாது. 1887-இல் ஈரோட்டிற் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, அவ்வூர் டவுன் உயர்நிலைப் பள்ளியிற் பயின்ற அவர், 1915-இல் இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில், தம்மினும் சிறிய எண்கள் எல்லாவற்றினும் மிகுதியான வகுக்கும் எண்களையுடைய எண்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். அவ்வகையைச் சேர்ந்த எண்களுள் ஒன்று 1,66,320. இதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் 160. ஐயாயிரங் கோடியைக் கடந்த நம் பேரெண்ணிற்கோ 150-தான். மற்றொன்று 6,98,37,76,800. இது நம் எண்ணில் ஏழில் ஒரு பங்கிற்கும் சற்றுக் குறைந்ததே. ஆயினும் இதனை வகுக்கும் எண்கள் 2,304.

இவ்வேற்றுமைக்குக் காரணம் தெளிவு. இராமானுசரின் எண்கள் இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று எனப் பகா எண்கள் பலவற்றைச் சிறிது சிறிதாகக் கொண்டவை. சோழரின் எண் இரண்டே பகா எண்களை மிகுதியாகக் கொண்டது. முன்னையது பல வாய்க்கால்களாகப் பிரிந்து பரந்து பாயும் நீர் போன்றது. பின்னையது ஓரிடத்தில் ஆழமாகத் தோண்டிய கிணறு போன்றது. பலர்க்குப் பகிர்ந்தளிக்க முன்னையது சிறந்தது. பெருக்கிப் பெருக்கி ஆழ்ந்து செல்லவும், சென்ற வழியே மீளவும் பின்னையது சிறந்தது. இரண்டனுள் உயர்ந்தது யாது என்று வினவுதல் பொருந்தாது. எத்தொழிற்கு எது ஏற்றது என்று வினவுதலே முறை.

இக்காலக் கணினிகளைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் தகும். அவை இரண்டையே அடியாகக் கொண்டவை. அவற்றின் வழக்கமான பின்ன எழுத்து முறையில் ஐந்தில் ஒன்று, பத்தில் ஒன்று ஆகியவை முடிவு பெறுவதில்லை. ஓரிடத்தில் வெட்டித் தோராயமாகவே வைத்துக்கொள்ளப்படுகின்றன. அதனாலேயே பணக்கணக்கு எழுதும் கணினிகளில் ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணாகக் கையாளுதல் முதலிய தனி வழிகள் கையாளப்படுகின்றன. நாலுமாவை ஓர் எழுத்தாற் குறித்து, மீதியின்றிக் கூட்டிய சோழநாட்டுக் கணக்கர்க்கு இவ்விடர்ப்பாடு இல்லை. இதனால் அவர் கணினியினும் மேம்பட்டவர் என்பது எம் கருத்தன்று. எந்த அடியைக் கொண்டாலும், எது முடியும், எது முடியாது என்பதனை முன்னரே அறிந்துகொள்ளல் கணக்கு எழுதுவார்க்கு என்றும் கடமையாம் என்பதே கருத்து.

முடிவுரை

1957-இல் நம் நாட்டில் தசம நாணயம் புகுந்தது. அதனை அடுத்து மெட்ரிக் அளவைகளும் வழக்கிற்கு வந்தன. முந்திரியும் காணியும் பாடப்புத்தகத்தினின்று மறைந்தன. ஆயினும் காவிரிக் கரையில் இன்றும் நிலத்தை மா என்றும் வேலி என்றுமே பேசக் கேட்கின்றோம். அச்சொற்கள் இருக்குமளவும் அவற்றின் கணக்கும் நம் கைக்கு எட்டியதே. மாணவ நண்பர்கள் தம் ஊர்ப் பெரியோரை அணுகி, அரைக்காணி எவ்வளவு, மாகாணி எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்வாராக. பெரிய கோயிலுக்குச் செல்வோர் விமானத்தின் உயரத்தை அண்ணாந்து நோக்குவதோடு அமையாது, சற்றே குனிந்து அடித்தளத்துக் கல்லெழுத்துகளையும் நோக்குவாராக.

பெரிய எண்ணைக் கண்டு வியப்பதும் எளிது. நம்பாமல் நகைப்பதும் எளிது. அதனைக் கூறு கூறாக உடைத்து, அது எதனால் ஆயது, எத்தொழிலிற் பிறந்தது என்று காண்பதே கல்வி. அவ்வாறு கண்டபோது, அரசனது ஆடம்பரமாகத் தோன்றிய ஓர் எண், பெயர் தெரியாத கணக்கர் ஒருவர் தமக்குத் தெரிந்த கணக்கில் எதனையும் மறைக்கவில்லை என்று விட்டுச்சென்ற சான்றாக நம்முன் நிற்கின்றது.